உறையில் இல்லாத பெயர்கள்

கல்கத்தாவைச் சேர்ந்த ரூபா பிஸ்வாஸ் 1981-இல் கனடாவின் கால்கரி நகரில் பாடிப் பதிவு செய்த ‘டிஸ்கோ ஜாஸ்’ இசைத்தட்டு, அடுத்த ஆண்டு இந்தியாவில் வெளியாகி, விற்காமல் முடங்கியது. ஃபங்க் கிட்டாருக்குப் பக்கத்தில் ஆஷிஷ் கானின் சரோத் ஒலிக்கும் துணிச்சலான படைப்பு அது. பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் உலகமே அதைக் கேட்டு ஆடியபோது பாடியவருக்கே விஷயம் தெரியாது. மகன் தேடிப் பார்த்துத்தான் சொன்னார். 2019-இல் அமெரிக்காவின் நியூமெரோ குரூப் அதை மறுபடி வெளியிட்டது. இந்த மறுபிறப்புக்கு இசையின் தரம் மட்டும் காரணமில்லை. யாரோ சிலர் பழைய தட்டை உறையோடு தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

தமிழில் இந்த வேலையை நாம் பெரும்பாலும் வெளியாருக்கு விட்டுவிட்டோம். ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின் துணுக்கை 2003-இல் அமெரிக்க இசைக்குழுவான பிளாக் ஐட் பீஸ் தங்கள் ‘எலிஃபங்க்’ ஆல்பத்தில் எடுத்தாண்டபோதுதான், நம் பாட்டுக்குள் இப்படி ஒரு ஃபங்க் இருக்கிறதா என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஃபங்க் இசையில் பாட்டைச் சுமப்பது குரலைவிட பேஸ் கிட்டாரும் டிரம்ஸும்தான். இளையராஜாவுக்கு பேஸ் வாசித்த சசிதரனையும், கீபோர்டு விஜி மானுவேலையும், தாளத்துக்குப் பொறுப்பாக இருந்த புருஷோத்தமனையும் தெரிந்தவர் எத்தனை பேர்? எல்லாப் பாட்டும் கைபேசியில் கிடைக்கிறதே, பழைய கேசட் எதற்கு என்று கேட்கலாம். பாட்டு கிடைக்கிறது, உண்மை. வாசித்தவர் யார், எங்கே, எந்த ஆண்டு என்பது அதோடு வருவதில்லை. கேசட் உறையிலும் அது முழுமையாக இருந்ததில்லை; அதனால்தான் அன்று உடன் வாசித்தவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.

வடசென்னையின் கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் இந்த இழப்பு இன்னும் பெரியது. சினிமாப் பாட்டை ஒரு கம்பெனியாவது காப்பாற்றும். தெருவிலும் சாவு வீட்டிலும் பாடிய கானாவைப் பதிந்த கேசட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. வீட்டைக் காலி செய்யும்போது குப்பையோடு போய்விடும். நகரத்தின் பாதிக் குப்பையைப் பல ஆண்டுகளாகச் சுமந்த கொடுங்கையூருக்கு, அதன் சொந்தப் பாட்டும் அந்தக் குப்பை மேட்டிலேயே புதைவது கொடுமை. கானாவில் ஆபாசம் இருந்தது, அதையெல்லாம் ஏன் காக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. இருந்தது; பெண்களை இழிவுபடுத்திய வரிகளும் இருந்தன. ஆனால் சேர்த்துவைப்பது பாராட்டுப் பத்திரம் அல்ல. கேட்க எதுவுமே மிஞ்சாவிட்டால் கண்டிக்கவும் ஆதாரம் இருக்காது. அச்சில் வந்ததற்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருப்பதுபோல இதற்கும் ஓர் இடம் வேண்டும். வடசென்னையின் கிளை நூலகங்களில் கேசட் வாங்க ஓர் அலமாரி, அதை டிஜிட்டலாக மாற்ற ஒரு பழைய டேப் ரிக்கார்டரும் கணினியும், கொண்டுவருபவரிடம் பாடியவர் பெயரையும் தோலக் அடித்தவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. தொடங்க இவ்வளவே போதும். பாடியவர்களில் பலர் இன்னும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள்.