ஹோம் லேபுக்குத் தனி பிராட்பேண்ட் எதுக்கு? ஹால்ல இருக்கற ரவுட்டரே போதும்!

ஐடி சப்போர்ட்லயும் நெட்வொர்க் வேலையிலயும் இருக்கறவங்க நம்ம சேனல்ல அடிக்கடி கேட்கற கேள்வி இது: "சிசிஎன்ஏ படிக்கறேன், வீட்ல ஒரு லேப் போடணும். பழைய சிஸ்கோ ரவுட்டர், சுவிட்ச், லேபுக்குன்னு தனி பிராட்பேண்ட் லைன், ஸ்டாடிக் ஐபி எல்லாத்தையும் கிரெடிட் கார்டு ஈஎம்ஐல போட்டுடலாமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். லேப் கண்டிப்பா போடுங்க. ஆனா அதுக்கு இன்டர்நெட் கொடுக்கறதுக்காக மாசா மாசம் வர்ற ஒரு புது பில்லைத் தலையில ஏத்திக்காதீங்க. நான் ஆடிட்டர்தான், நெட்வொர்க் இன்ஜினியர் இல்ல. ஆனா ஒரு செலவு தேவையா இல்லையான்னு சொல்லணும்னா, அந்தப் பணம் என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாகணும்.

லேபுக்கு நெட் எப்படிப் போகுது?

வீட்டு ரவுட்டரோட லேன் போர்ட்ல இருந்து ஒரு கேபிளை லேப் ரவுட்டருக்குக் கொடுங்க. லேப் ரவுட்டர் உங்க போன் மாதிரியே டிஎச்சிபி வழியா ஒரு ஐபி வாங்கிக்கும், உதாரணத்துக்கு 192.168.1.20. லேபுக்குள்ள வேற ரேஞ்ச், 10.10.10.0 மாதிரி வைங்க. டீஃபால்ட் ரூட்டை வீட்டு ரவுட்டர் பக்கம் காட்டிட்டு, லேப் ரவுட்டர்ல நாட் ஓவர்லோடு போடுங்க. அவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல அம்பது பேர் இருந்தாலும் கூரியருக்கு ஒரே முகவரிதானே? அதே மாதிரி லேபுக்குள்ள எத்தனை டிவைஸ் இருந்தாலும் வீட்டு ரவுட்டர் கண்ணுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். அதனால வீட்டு ரவுட்டர் செட்டிங்க்ல கை வைக்க வேண்டியதே இல்ல. இப்படி ரெண்டு இடத்துல நாட் நடக்கறதை 'டபுள் நாட்'னு சொல்வாங்க. பிரவுஸிங், அப்டேட், டவுன்லோடு எதுக்கும் இதனால பொதுவா சிக்கல் வராது. நாட், டிஎச்சிபி, ஸ்டாடிக் ரூட் எல்லாமே பரீட்சை சிலபஸ்ல இருக்கறதுதான். தனி லைன் வாங்கினா மிஸ் ஆகற பயிற்சி இங்க இலவசமா கிடைக்குது.

ரெண்டு விஷயத்துல மட்டும் கவனம் தேவை. ரெண்டு பக்கமும் ஒரே ஐபி ரேஞ்ச் வச்சா லேப் ரவுட்டருக்கு வழி தெரியாது. அடுத்தது, லேப் டிஎச்சிபி சர்வர் ஓடற சுவிட்சை நேரடியா வீட்டு ரவுட்டர்ல மாட்டாதீங்க. வீட்ல இருக்கற போன், டிவி எல்லாம் லேப் கொடுக்கற தப்பான ஐபியை வாங்கிக்கும். அம்மா பார்க்கற சீரியலும் நிக்கும், உங்க ஆபீஸ் மீட்டிங்கும் நிக்கும்.

ஸ்டாடிக் ஐபி வேணுமா?

வெளியில இருந்து லேபுக்குள்ள வரணும்னாதான் அந்தக் கேள்வியே வரும். இங்க பல பிராட்பேண்ட் கம்பெனிகள் ஒரு பப்ளிக் ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கறாங்க. உங்க ரவுட்டரோட வான் ஐபி 100.64-ல இருந்து 100.127 வரைக்குள்ள ஆரம்பிச்சா நீங்களும் அதுல ஒருத்தர். அப்போ போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. உடனே ஸ்டாடிக் ஐபி வாங்க ஓடாதீங்க. டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம், அதுலயே உள்ள வந்துடலாம்.

டெல்நெட், ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடறது இன்னும் ஆபத்து. திறந்த போர்ட்டைத் தேடிட்டே இருக்கற பாட்கள் ஏராளம். உங்க ஆபீஸ் லேப்டாப்பும் அதே வீட்டு நெட்வொர்க்லதானே இருக்கு? லேப்ல இருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் போற வழியை ஒரு ஆக்சஸ் லிஸ்ட் போட்டு அடைங்க. ஆபீஸ் லேப்டாப்புலயே லேப் ஓட்டற வேலை வேண்டவே வேண்டாம். நல்ல வேலைக்காகப் போட்ட லேப், இருக்கற வேலைக்கு வேட்டு வைக்கக் கூடாது.

இப்போ கணக்குக்கு வருவோம்

600 ரூபாய் பிளான்னு வச்சுக்குவோம். 18% ஜிஎஸ்டி சேர்த்து 708, வருஷத்துக்கு 8,496. ஸ்டாடிக் ஐபிக்கு மாசம் 200னா வரியோட 236, வருஷத்துக்கு 2,832. மொத்தம் 11,328 ரூபாய். சிசிஎன்ஏ எக்ஸாம் ஃபீஸ் 300 டாலர், வரி தனி. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல இதுலயே போயிடுது.

கரன்ட்டையும் மறக்காதீங்க. 100 வாட் இழுக்கற பழைய கியரை 24 மணி நேரமும் ஓட விட்டா ரெண்டு மாசத்துக்கு 144 யூனிட். தமிழ்நாட்டுல ரெண்டு மாசப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினா குறைஞ்ச ரேட் ஸ்லாப் கைவிட்டுப் போயிடும். படிச்சு முடிச்சதும் சுவிட்ச் ஆஃப் பண்ணுங்க. அதை விட நல்லது, ஜிஎன்எஸ்3-ல ஆரம்பிக்கறது. இலவச சாஃப்ட்வேர், அதுல லேபை நிஜ இன்டர்நெட்டோடயும் இணைக்கலாம். பேக்கெட் டிரேசரும் இலவசம், ஆனா அது வெளி நெட்டுக்குப் போகாது. கேபிள், கன்சோல் எல்லாம் கையால தொட்டுப் பழகணும்னா ஒரு பழைய ரவுட்டர், ஒரு சுவிட்ச் போதும்.

"டாக்ஸ்ல கழிச்சுக்கலாமே சார்?" முடியாது. சம்பள வருமானத்துல லேப் செலவைக் கழிக்க வழியில்ல. புது முறையில 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இருக்கு, அது செலவு பண்ணினாலும் பண்ணாட்டியும் ஒண்ணுதான். ஃப்ரீலான்ஸ் வருமானம் காட்டி, அந்த வேலைக்காக வாங்கினா கதை வேற. நோ காஸ்ட் ஈஎம்ஐயிலயும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும், பல கார்டுல பிராசசிங் ஃபீஸும் உண்டு.

முழுநேரம் வீட்ல இருந்து வேலை பார்க்கறவங்க பேக்கப்புக்காக ரெண்டாவது லைன் வச்சுக்கறது நியாயமான செலவு. அதை வேலைக்கான செலவா எழுதுங்க, லேப் பேர்ல எழுதாதீங்க.

முதல்ல ஹெச்ஆர்கிட்ட எக்ஸாம் ஃபீஸ் திருப்பித் தருவாங்களான்னு கேளுங்க. தரலைன்னா மாசம் 944 ரூபாய், அதாவது அந்த ரெண்டு பில்லுக்கும் போயிருக்க வேண்டிய பணத்தை, ஒரு ஆர்டில போடுங்க. அப்புறம் எக்ஸாம் தேதியைக் குறிச்சுக்கோங்க. தேதி குறிக்காத லேப் வெறும் ஹாபிதான்.