பிரேக் பிடித்தால் கார் உதறுதா? மலைப்பாதைக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

கோடை விடுமுறை வந்தாலே ஊட்டி, கொடைக்கானல் சாலைகளில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே மாதம் இந்த இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் முறை வந்தது. வண்டி எண், பயணிகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் கேட்கப்படும். ஆனால் அந்த வண்டியின் பிரேக் எப்படி இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

15 ஆண்டுகள் பரிசோதனை இல்லை

டாக்ஸி போன்ற வாகனங்களுக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு காருக்கு அப்படி இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை தகுதிச் சான்று தேவையில்லை. அதுவரை பிரேக்கைச் சோதிப்பது முழுக்க முழுக்க உரிமையாளரின் பொறுப்பு. அதனால்தான் பிரேக்கை மிதிக்கும்போது வரும் அந்த உதறலை அலட்சியப்படுத்தக் கூடாது. பல நேரங்களில் கார் தரும் முதல் எச்சரிக்கை அதுதான்.

எங்கே உதறுகிறது?

மெக்கானிக்கிடம் "வண்டி ஆடுது" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, எப்போது ஆடுகிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

• பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா? பெரும்பாலும் முன்சக்கர டிஸ்க்கில் கோளாறு.

• ஸ்டீயரிங் சும்மா இருக்க, சீட்டும் தரையும் அதிர்கிறதா? பின்சக்கர டிரம் அல்லது டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

• பிரேக் பிடிக்காமலே 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஆடுகிறதா? அது பிரேக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. வீல் பேலன்சிங், டயர் வீக்கம், ரிம் நெளிவு ஆகியவற்றைப் பார்க்கணும்.

• வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? ஒரு காலிபர் இறுகிப்போயிருக்கலாம்.

• மழையிலோ ஜல்லியிலோ சட்டென்று மிதிக்கும்போது மட்டும் பெடல் படபடவென்று துடிக்கிறதா? அது ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். பயந்து காலை எடுக்கக் கூடாது.

டிஸ்க் வளைந்துவிட்டதா?

ஒர்க்‌ஷாப்களில் வழக்கமாகச் சொல்வது, "டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு" என்பதுதான். உண்மையில் பெரும்பாலான நேரங்களில் டிஸ்க் வளைவதில்லை. அதன் தடிமன் சீராக இல்லாமல் போகிறது. ஒரு இடத்தில் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருக்கும், இன்னொரு இடத்தில் சூட்டில் பேடின் பொருள் படிந்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மேடும் பள்ளமும் மாறி மாறி பேடில் இடிப்பதால்தான் உதறல் வருகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே போதும். தலைமுடியின் தடிமனை விட இது குறைவு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மாற்றியும் திரும்ப வருவது ஏன்?

புது டிஸ்க் போட்ட அன்று எல்லாம் சரியாக இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே உதறல் திரும்பும். டிஸ்க் உட்காரும் ஹப் மீது துரு இருந்தாலோ, ஏர் கன் வைத்து வீல் நட்டை ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் முடுக்கியிருந்தாலோ டிஸ்க் இம்மியளவு சாய்ந்து சுற்றும். நாளடைவில் அதுவே சீரற்ற தேய்மானமாக மாறும். காலிபர் பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகினாலும் இதே கதைதான்.

ஆகவே ஹப்பைச் சுத்தம் செய்து, நட்டுகளை டார்க் ரெஞ்சில், எதிரெதிராக முடுக்க வேண்டும். பஞ்சர் ஒட்டிய பிறகும் இது பொருந்தும்.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவலாமா? சீவலாம், ஆனால் வரம்பு உண்டு. குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்பது டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். சீவிய பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் மாற்றுவதே வழி. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து, புது பேடுடன் மாற்ற வேண்டும். வெறும் வீல் அலைன்மென்ட் செய்வதால் இந்த உதறல் போகாது. அந்தச் செலவு வீண்.

டிஸ்க் சரியாக இருந்தும் உதறினால் பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மலையில் ஏன் ஆபத்து?

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். ஆட்கள், லக்கேஜ் சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 7 மணி நேரம் கக்கும் சூடு அது. இன்ஜின் தாங்கிக்கொள்ளும் பங்கு போக, மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும்.

இதில் ஒரு காலிபர் ஏற்கெனவே இறுகியிருந்தால் அந்தச் சக்கரம் இன்னும் கொதிக்கும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் குமிழி உண்டாகும். மிதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. சமவெளியில் வெறும் தொந்தரவாக இருந்த உதறல், கொண்டை ஊசி வளைவில் உயிர்ப் பிரச்சனையாவது இப்படித்தான்.

இறங்கும்போது என்ன செய்யணும்?

எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் குறைந்த கியரைத் தேர்வு செய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பிரேக் மீது காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். கருகிய வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று ஆனாலோ பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடலாம்.

மலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே டிஸ்க், பேட், காலிபர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயில் மாற்றி 2 ஆண்டு ஆகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். உதறல் சரியாகாத வரை அந்த வண்டியை மலையேற்ற வேண்டாம்.