தூர்தர்ஷன் யாருக்காக?

தொலைக்காட்சியைப் பற்றிப் பெரியவர்களிடம் பேச்செடுத்தால் போதும், "கண் கெடும், படிப்பும் கெடும்" என்ற பதில் தயாராக இருக்கிறது. கண்ணைக் காத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. ஆனால் படிப்பைக் கெடுப்பதாகச் சொல்லப்படும் இதே பெட்டி நம் நாட்டிற்குள் நுழைந்தது படிப்பிக்கத்தான் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் பணிவோடு நினைவூட்ட விரும்புகிறோம்.

1959 செப்டம்பர் 15 அன்று, யுனெஸ்கோவின் உதவியோடு, தில்லியில் சோதனை முறையில் ஒளிபரப்பு தொடங்கியது. அப்போது அது அகில இந்திய வானொலியின் சிறு கிளை. 1961இல் தில்லிப் பள்ளிகளுக்குப் பாடங்கள் வந்தன. 1965இல் அன்றாட ஒளிபரப்பு வந்தது. 1967 குடியரசு தினத்தன்று உழவர்களுக்கான 'கிருஷி தர்ஷன்' வந்தது. பாட்டும் கூத்துமாகப் பொழுதுபோக்க அல்ல, பாடத்திற்கும் பயிருக்கும்தான் முதலிடம். வளர்ச்சியோ ஆமை வேகம்! இரண்டாவது நகரமான பம்பாய்க்கு அது போய்ச் சேர 1972 ஆயிற்று.

எங்களைப் பெரிதும் கவர்ந்தது 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த செயற்கைக்கோள் கல்விச் சோதனைதான். விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை. அமெரிக்காவின் 'நாசா' தனது செயற்கைக்கோளை ஓராண்டிற்கு இரவலாகத் தந்தது. ஆந்திரா, கர்நாடகா, ஒரிஸா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோழிக் கூண்டிற்கு அடிக்கும் கம்பி வலையைக் கொண்டே, வானிலிருந்து வரும் அலையைப் பிடிக்கும் பெரிய கிண்ணங்களைச் செய்தார்கள் நம் பொறியாளர்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில் பெட்டி பாட்டரியில் ஓடியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. மாலையில் ஊருக்கே உழவும் உடல்நலமும். பெட்டி எந்தத் தனி வீட்டிலும் இல்லை. பள்ளிக்கூடத்திலோ வேறு பொது இடத்திலோ இருந்தது. இன்னொரு விந்தை: ஒரே படத்தோடு இரண்டு மொழிகளின் ஒலியை அந்தச் செயற்கைக்கோள் சுமந்தது. ஆந்திரக் குழந்தை தெலுங்கிலும் கன்னடக் குழந்தை கன்னடத்திலும் ஒரே பாடத்தைக் கேட்க முடிந்தது.

ஓராண்டு முடிந்தது, இரவல் பொருள் திரும்பிப் போயிற்று. சென்னை நிலையம் பிறந்ததும் அதே 1975 ஆகஸ்டில், 15ஆம் நாள்தான். 'வயலும் வாழ்வும்' என்றால் நம் அம்மாக்கள் முகம் சுளிப்பதும், வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் முகம் மலர்வதும் நமக்குத் தெரியாததா?

அதன் பிறகு வளர்ச்சி பாய்ச்சலாயிற்று. 1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்தது. அதே ஆண்டு விளம்பரங்களும் நுழைந்தன. 1982இல் வண்ணம் வந்தது, தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் தேசிய நிகழ்ச்சியும் வந்தது. 1984இல் சில மாதங்களுக்கு ஏறக்குறைய நாளுக்கொன்று என்ற கணக்கில் புதிய ஒளிபரப்பு நிலையங்கள் எழுந்தன. இதையெல்லாம் சாதனை என்றே சொல்வோம். ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1975இல் ஒரு படத்திற்கு இரண்டு மொழி தந்தவர்கள், 1982இல் நாட்டிற்கெல்லாம் இந்தியும் ஆங்கிலமும் போதும் என்று எப்படி முடிவு செய்தார்கள்? 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' நல்ல தொடர்தான். 150க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. குடும்பத்தில் பெண்ணின் நிலையைப் பேசியது. ஆனால் இந்தி அறியாத தமிழ்த் தாய் அதில் கண்டது முகங்களை மட்டும்தானே! ஒருமைப்பாடு என்பது எல்லோரும் ஒரே திரையைப் பார்ப்பதா, பார்ப்பது எல்லோருக்கும் புரிவதா? எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே.

அரசின் நேரடிப் பிடியிலிருந்து விடுவிக்கும் பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் தனியார் அலைவரிசைகள் வீடுகளைப் பிடித்துவிட்டன. அவற்றோடு போட்டியிட்டு அவற்றைப் போலவே ஆகிவிடுவதானால் மக்கள் பணத்தில் ஒரு நிலையம் எதற்கு? விளம்பரக்காரர் தேடி வராத பயிரையும் பாடத்தையும் பழங்குடியினரையும் காட்டத்தானே அது வேண்டும்!

2019 ஆகஸ்டில் தமிழக அரசு 'கல்வித் தொலைக்காட்சி'யைத் தொடங்கியது. மறு ஆண்டு நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடியபோது பாடங்கள் அதில் வந்தன. பழைய கனவு தமிழிலேயே வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் அன்றைய கிராமத்துப் பெட்டிக்கு இருந்த ஒரு வசதி வீட்டுப் பெட்டிக்கு இல்லை. அன்று காலை நேரம் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பாட்டியும் கேட்க மாட்டார், தம்பியும் பிடுங்க மாட்டான். வீட்டில் பாடம் வரும் நேரத்தில் தொடரும் வரும், கிரிக்கெட்டும் வரும். கடைசியில் விட்டுக்கொடுப்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளைதான்.

ஆகவே ஊராட்சி நூலகம்தோறும் ஒரு பொதுப் பெட்டி இருக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் அதில் பாடம் மட்டுமே ஓடட்டும் என்று கேட்கிறோம். அந்த அறையின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்டால், ஊர்ப் பள்ளி ஆசிரியையிடம் என்போம்.