வறுமை காத்த அழகு

இங்கிலாந்தின் பழைய ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகளைப் பற்றி ஒரு வர்ணனை, அவற்றின் முன் ஒரு நிழற்படம், பிறகு ஒரு பெருமூச்சு: வெள்ளைக்காரன் தன் பழமையை எப்படிப் போற்றிக் காக்கிறான் பாருங்கள்! சஃபோக் மாவட்டத்து லாவென்ஹம் இந்தப் பெருமூச்சுக்கென்றே அமைந்தாற்போன்ற ஊர். முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அங்கே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில், வெள்ளைச் சாந்துச் சுவரும் வெளிறிய ஓக் மரச் சட்டங்களுமாக, 1530ஐ ஒட்டி எழுப்பப்பட்ட கில்டு மண்டபம் நிற்கிறது. 2010இல் வந்த ஹாரி பாட்டர் படத்திலும் அதன் சாயலைக் காணலாம். அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த அழகுக்கு நாம் சொல்லும் காரணத்தில் மூன்று பிழைகள் உள்ளன. மூன்றும் உழைத்தவர்களைப் பார்வையிலிருந்து அகற்றும் பிழைகள்.

முதற்பிழை, அதை அமைதியான இடைக்காலக் கிராமம் என்று அழைப்பது. இன்று இரண்டாயிரத்துக்கும் குறைவான மக்களே வாழ்வதால் கிராமம் என்று தோன்றலாம். 1257இலேயே சந்தை நடத்தும் உரிமை பெற்ற ஊர் அது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் யார்க், லிங்கன் போன்ற பெருநகரங்களைக் காட்டிலும் கூடுதலாக வரி கட்டிய தொழில் நகரம். அவுரியைப் போலவே நீலச் சாயம் தரும் வோடு என்னும் செடியால் தோய்த்த கனத்த கம்பளித் துணி அங்கிருந்து கடல் கடந்து போயிற்று. துணி வணிகர் கம்பளியை வாங்கி நூற்பவருக்குக் கொடுப்பார். நூலை நெசவாளருக்குக் கொடுப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் கூலி கொடுத்து, முடிந்த துணியைத் தமதாக்கிக்கொள்வார். பெண்களும் குழந்தைகளும் வீட்டுத் திண்ணையில் நூற்றார்கள். அந்த வணிகருள் தலையாயவரான மூன்றாம் தாமஸ் ஸ்பிரிங் 1523இல் இறந்தபோது நாட்டின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவர். ஊர்த் தேவாலயத்தின் 141 அடிக் கோபுரம் அவர் பணத்தாலும் உயர்ந்தது. அக்காலத்து லாவென்ஹமில் தறியோசையும் சாயத் தொட்டியின் நாற்றமும் இருந்திருக்கும். நம் கட்டுரைகள் புகழும் அமைதி இருந்திருக்க வழியில்லை.

இரண்டாவது பிழை, கில்டு என்றதும் அதைத் தொழிலாளர் சங்கத்தின் மூதாதை என்று கொண்டு நெகிழ்ந்துபோவது. லாவென்ஹம் மண்டபத்தைக் கட்டியது கார்ப்பஸ் கிறிஸ்டி என்னும் சமயக் கூட்டுறவு. இறந்த உறுப்பினரின் ஆன்மாவுக்காகச் செபிப்பதும், திருநாளில் ஊர்வலம் போவதும், கூடி விருந்துண்பதும் அதன் பணிகள். ஊரின் வளமான குடும்பங்களின் கழகம் அது. தறியில் அமர்ந்தவனின் கூலியைப் பேச அங்கே இடமில்லை.

அந்தத் தறிக்காரன் என்ன நிலையில் இருந்தான் என்பதற்கு மண்டபம் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஒரு சான்று கிடைக்கிறது. 1525இல் எட்டாம் ஹென்றியின் பிரெஞ்சுப் போருக்காக அமைச்சர் உல்சி, நாடாளுமன்றத்தைக் கேளாமலே, மக்கள் உடைமையில் ஆறில் ஒரு பங்கை 'அன்புக் கொடை' என்ற பெயரில் கேட்டார். வணிகர்கள் இதைக் கொடுத்தால் கூலி கொடுக்கப் பணமில்லை என்று சொல்லி வேலையை நிறுத்தினார்கள். லாவென்ஹமிலும் சுற்று ஊர்களிலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்களை அடக்க நார்ஃபோக், சஃபோக் பிரபுக்கள் இருவரும் வந்தார்கள். உங்கள் தலைவன் யார் என்று வினவியபோது, தங்கள் தலைவனின் பெயர் வறுமை என்று கூட்டத்தார் விடையளித்ததாக அக்கால வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால் பதிந்திருக்கிறார். அரசன் பின்வாங்கினான். வரி ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அதே ஊரின் சதுக்கத்தில், செதுக்கிய மூலைத் தூண்களோடும் துருத்திய மேல்மாடத்தோடும் வளமானவர்களின் விருந்துக்கூடம் எழுந்தது. மண்டபத்தை மெச்சும் கட்டுரைகளில் இந்த வரிசையை நினைவுபடுத்தியது எத்தனை?

அந்த விருந்தும் நீடிக்கவில்லை. 1547இல் ஆறாம் எட்வர்டின் ஆட்சி இத்தகைய சமயக் கூட்டுறவுகளைக் கலைத்து உடைமைகளைப் பறித்தது. ஆக, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வயதுடைய கட்டடம் கில்டு மண்டபமாக விளங்கியது இருபது ஆண்டுகள்கூட இல்லை. பிற்பாடு அது சிறையாயிற்று. 1787இல், ஆதரவற்ற ஏழைகளை அடைத்து வேலை வாங்கிச் சோறிடும் 'வொர்க் ஹவுஸ்' ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் அங்கே தங்கினார்கள். 1951இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது. கைதிகளும் ஏழைகளும் விருந்தினரைவிட நெடுங்காலம் அங்கே இருந்தார்கள். பெயர் மட்டும் விருந்தினருக்கு.

மூன்றாவது பிழைதான் பெரியது: காத்தார்கள் என்பது. லாவென்ஹமைப் பல நூற்றாண்டுகள் எவரும் காக்கவில்லை. மாற்றுவதற்கு அங்கே பணமில்லை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு அகதிகள் மெல்லிய, மலிவான புதுத்துணிகளை நெய்தார்கள். லாவென்ஹமின் கனத்த நீலத் துணிக்குச் சந்தை சுருங்கிற்று. வளர்ந்த ஊர்கள் பழைய மரவீடுகளை இடித்துச் செங்கல்லில் கட்டிக்கொண்டன. லாவென்ஹம் நூல் நூற்றுக் கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைமயிர்த் துணியும் தென்னைநார்ப் பாயும் நெய்து பிழைத்தது. நாம் வியக்கும் சாய்ந்த சுவர், நிமிர்த்தக் காசில்லாதவர்களின் சுவர்.

பின்னாளில் காக்கும் முயற்சி நிகழ்ந்தது உண்மை. அது இனத்தின் இயல்பான பண்பாக ஊறி வந்ததன்று, சண்டையிட்டுப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே ஊரின் கம்பளி மண்டபத்தைச் சட்டம் சட்டமாகக் கழற்றி வேறிடத்தில் நிறுத்த எடுத்துச் சென்றுவிட்டார்கள். ஊரார் எதிர்த்துக் குரலெழுப்பியதால் அது திரும்பி வந்தது. இன்று ஒரு விடுதியின் பகுதியாக நிற்கிறது. வெள்ளைக்காரனிடம் கற்கத்தக்கது ஏதேனும் இருந்தால் அந்தச் சண்டையைக் கற்கலாம். பெருமூச்சு எதையும் காப்பாற்றியதில்லை.

அழகை அழகாகப் பார்க்கவிடாமல் பசிக்கணக்கை ஏன் நுழைக்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. பசிதான் அந்த அழகின் காரணம் என்பதே என் விடை. மண்டபத்தின் உள்ளே இருக்கும் காட்சிக்கூடம் இதை மறைப்பதுமில்லை. சிறையையும் ஏழைகள் விடுதியையும் அது பேசுகிறது. பின்புறம் சாயச் செடிகளின் தோட்டமும், கைதிகளை அடைத்த சிற்றறையும், பிணவறையும் இருக்கின்றன. முகப்பை மட்டும் படமெடுத்துத் திரும்புபவர்கள் நாம்தாம்.

மாறாத ஊரைப் புகழ்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அங்கே வாழ்ந்தவர்கள் தலையெடுக்காமல் போனதைப் புகழ்கிறார். பழமை மாறாமல் இருக்கிறது என்று எந்த ஊரைப் பற்றியும் எழுதுமுன், மாற்ற முடியாமற்போனது யாருக்கு, எதனால் என்று கேட்பது பயண எழுத்தின் குறைந்தபட்சக் கடமை. லாவென்ஹமில் அந்தக் கேள்விக்கு விடை 1525இலேயே ஊர்மக்களின் வாயிலிருந்து வந்துவிட்டது.