பாதியில் நிற்கக் கூடாத வைத்தியம்

நாற்று நடும் பெண்ணுக்கும் மில் பெண்ணுக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே தெரிகிறது. அப்போதும் வழி உண்டு. முதலில் சுமார் 5 வாரம் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுகிறார்கள். உதிரப்போக்கு நிற்கிறது. கூலி போகிறதே என்று ஊர் திரும்பத் தோன்றும். ஆபத்து இங்கேதான்! கர்ப்பப்பைக்குள் குழாய் செலுத்தி, இரிடியமோ கோபால்ட்டோ கொண்டு கட்டியைக் கிட்டத்திலிருந்து தாக்கும் உட்கதிர் வைத்தியமும் நடந்தால்தான் நோயை வேரறுக்கும் வாய்ப்பு மிகும். எல்லாம் 8 வாரத்துக்குள் முடியவேண்டும்.

அத்தனை நாள் கூலியை யார் தருவது? பாதியில் போனாள் என்று அவளைப் பழிப்பது அநீதி. இயந்திரம் வாங்கி நிறுத்தினாலும் போதாது. இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும், புதிது வாங்கப் பணம் ஒதுக்கவேண்டும். மாவட்டந்தோறும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் உட்கதிர் வைத்தியம், சிகிச்சை நாட்களுக்குக் கூலி ஈடு: இவற்றை நாம் கோருகிறோம். சங்கங்கள் குரல் எழுப்பட்டும்!