விலை எனக்கும் தெரியும்!

“இதழுக்கு இதழ் ரசமும் மூட்டுவலித் தைலமும் எழுதறீங்களே, உங்க வீட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாதனம் எது? மிக்ஸியா, செல்போனா?” என்று பெரியகுளத்துச் சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

மிக்ஸி என்று சொன்னால் என் மாமியாருக்குக் கோபம் வரும். அம்மியில் அரைத்த பூண்டுச் சட்னிக்கு ஈடே கிடையாது என்பது அவர் கட்சி. கரண்ட் இல்லாத நாளில் நானும் அதே கட்சிதான்!

என் ஓட்டு இரண்டுக்கு. ஒன்று, அடுப்பங்கரை ஜன்னலில் இருக்கும் டிரான்சிஸ்டர். இன்னொன்று, பட்டன் வைத்த சின்ன போன்.

பள்ளங்கியில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் மின்சாரம் முதலில் விடைபெறும். அப்போதும் கொடைப் பண்பலை 100.5 பாடிக்கொண்டுதான் இருக்கும். மதுரை, திண்டுக்கல் வரைக்கும் அது கேட்பதற்குக் காரணம் உயரம். பண்பலை அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. மலை குறுக்கே வந்தால் வளைந்து போகத் தெரியாது. அதனால்தான் கோபுரத்தைக் கொடைக்கானல் உச்சியில் வைத்தார்கள். செல்போன் அலைக்கும் இதே குணம்தான், கொஞ்சம் கூடுதலாகவே. ஊருக்கெல்லாம் அலை அனுப்புகிற மலையில் குடியிருந்துகொண்டு, சரிவில் இறங்கினால் “ஹலோ, ஹலோ” என்று கத்துகிறோம். என்ன செய்ய!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், சென்னைக்கும் அன்றுதான். மலையில் இருந்த எனக்கு அதன் முகம் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. கொடைக்கானல் பஜாரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார வேண்டும். டெலிபோன் லைன் கீச்சுகீச்சென்று கத்தி முடிப்பதற்குள் பாதிக் காசு போய்விடும்! அப்போது நாம் அதைத் தேடிப் போனோம். 2016-க்குப் பிறகு டேட்டா மலிவாகி, அது நம்மைத் தேடி வந்தது. இப்போது அது இல்லாமல் எந்தக் காரியமும் நடப்பதில்லை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்கள்கூட இன்டர்நெட்டில் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது.

ஆனால் எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது வேறு. எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பூண்டு பெரியகுளம் பக்கத்தில் இருக்கிற வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். முன்பெல்லாம் வீட்டுக்காரர் மூட்டையோடு இறங்கிப் போய்த் திரும்பி வந்து என்ன சொல்கிறாரோ, அதுதான் விலை. களை எடுத்தது, தாள் அறுத்தது, காய வைத்தது எல்லாம் நாங்கள். விலை மட்டும் அவர் சட்டைப்பையில்! இப்போது அவர் சந்தையில் இருக்கும்போதே என் தங்கை அங்கிருந்து போன் போட்டுச் சொல்லிவிடுகிறாள். அவர் வீடு வந்து சேர்வதற்குள் மளிகைக் கடனுக்கு எவ்வளவு, பிள்ளை பீஸுக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டு வைத்துவிடுகிறேன். ஆரம்பத்தில் அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது வாஸ்தவம்தான். இப்போது “என்ன விலைன்னு உனக்குத்தான் தெரியுமே” என்கிறார்.

இதெல்லாம் நடப்பது நம்பர் என் பேரில், என் கையில் இருப்பதால். எத்தனை வீட்டில் அப்படி இருக்கிறது, சொல்லுங்கள்? 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். பணம் பெண்ணின் கணக்கில் விழுகிறது. விழுந்த செய்தி யார் போனில் மணியடிக்கிறது?

மேல்வீட்டு அக்காவுக்கு அது திருப்பூரில் இருக்கும் மகனுடைய போனில் அடித்தது. அவனும் நல்ல பிள்ளைதான். நம்பரை மாற்றிவிட்டு மறந்துபோனான். மூன்று மாதம் பணம் வந்ததா இல்லையா என்றே அக்காவுக்குத் தெரியாது. பூண்டு உரிக்கிற கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் பேங்கில் வரிசையில் நின்று பார்த்து வருவார். ஒரு நாள் நானே கூடப் போனேன். பாஸ்புக், ஆதார், ஒரு மனு. புது சிம்முக்கும் ஒரு பழைய பட்டன் போனுக்கும் ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பட்டன் போன் போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதும். ஏ.டி.எம். கார்டு இருந்தால் ஸ்டார் 99 ஹேஷ் அடித்து, இன்டர்நெட் இல்லாமலே கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். பட்டன் போனிலேயே பணம் அனுப்ப ‘யு.பி.ஐ. 123பே’ என்று ஒன்றை 2022 மார்ச் 8-ல், மகளிர் தினத்தன்றே, ரிசர்வ் பேங்க் தொடங்கி வைத்தது. ஓ.டி.பி.யை மட்டும், கேட்பது பேங்க் மானேஜரே என்றாலும், சொல்லாதீர்கள். யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

இன்னொன்று. மண்ணிலும் பூண்டிலும் புழங்கும் கைகளில் ரேகை தேய்ந்து, ரேஷன் கடை மிஷின் “நீ யார்?” என்று கேட்கிறது. ராத்திரி படுக்கும்முன் விரல் நுனிகளில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். வெடிப்பு ஆறும். மறுநாள் துடைத்துவிட்டு வையுங்கள். அப்படியும் மிஷின் ஏற்காவிட்டால், கருவிழி பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். பல கடைகளில் வந்துவிட்டது.

அக்கா இப்போது போனைச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்திருக்கிறார். மகன் கூப்பிட்டால் இரண்டு மணி அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறார்! பூண்டு ஊறுகாய் கேட்டிருந்த வத்தலக்குண்டு சகோதரிக்கு அடுத்த இதழில் பதில்.