பழைய பிக்கப்பின் றேடியோவைக் கழற்ற முன்

வாகன வயறிங் என் தொழில். யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துப் பக்கம் கடை. மரக்கறி ஏற்றும் பிக்கப், மீன் ஏற்றும் பட்டா, கல்லு மண் ஏற்றும் கன்ரர் எல்லாம் வாசலில் வந்து நிற்கும். இப்போது அதிகம் வருகிற வேலை ஒன்றுதான்: பழைய றேடியோவைக் கழற்றிவிட்டுத் திரை வைத்த செற் பூட்டுவது. அந்த வேலையில்தான் எனக்குச் சோறு. ஆனாலும் அது நடக்கிற விதம் பிழை என்று சொல்லவே இதை எழுதுகிறேன். எங்கள் வாகனங்களில் இருந்து வானொலி போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

பழைய வாகனம் என்று சும்மா சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது. வரியைப் பார்த்தால் கமக்காரன் புது டபுள் கப்பைக் கனவிலும் வாங்க முடியாது. ஆகவே தொண்ணூறுகளில் யப்பானில் செய்த ஹைலக்ஸ்கள், எல்.என். 106 என்றும் 107 என்றும் நாங்கள் சொல்லுகிறவை, இன்றும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடுகின்றன. 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். பராமரித்தால் பேரப்பிள்ளையும் ஓட்டலாம். எஞ்சினுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற எங்கள் ஆட்கள் அதே வண்டியின் றேடியோவை மட்டும் குப்பை என்று நினைக்கிறார்கள்.

"அண்ணை, இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஒரு அன்ட்ரொயிட் செற் போட்டுத் தாங்கோ."

"இதுக்கு என்ன பழுது தம்பி?"

"எஃப்.எம். ஒண்டும் எடுக்குதில்லை. செத்த செற்."

அந்த செற் சாகவில்லை. யப்பானில் பண்பலை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90 வரைக்கும்தான் இருந்தது. எங்கள் நாட்டில் அது 87.5 இல் தொடங்கி 108 வரை போகிறது. யப்பான் ஊர்களில் ஓடிவிட்டு இங்கு வந்த வண்டியின் றேடியோவுக்கு எங்கள் நிலையங்களில் பெரும்பாலானவை எட்டாத உயரத்தில் நிற்கின்றன. இதைச் சரிசெய்ய பான்ட் எக்ஸ்பான்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அன்ரனா வயருக்கும் செற்றுக்கும் நடுவில் பூட்டினால், வருகிற அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்குகிற பெட்டி என்றால் 103.5 இல் இருக்கிற நிலையம் 83.5 இல் கேட்கும். குறையும் உண்டு. எங்கள் பண்பலையின் அகலம் இருபது மெகாஹேர்ட்ஸுக்கு மேல், யப்பான் செற்றின் அகலம் பதினான்குதான். எந்தப் பெட்டி போட்டாலும் சில நிலையங்கள் வெளியே நின்றுவிடும். தூர நிலையங்களில் இரைச்சலும் கொஞ்சம் கூடும். எல்லா நிலையமும் வேண்டும் என்கிறவர் செற்றை மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு மத்திய அலையைப் பற்றியது. அந்த யப்பான் செற்றில் ஏ.எம். என்று ஒரு பொத்தான் இருக்கும். வண்டியை இங்கே வாங்கியவர்கள் பெரும்பாலும் அதை அமத்திப் பார்த்ததே இல்லை. பண்பலையில் உலகத்தோடு ஒத்துப்போகாத யப்பான், மத்திய அலையில் எங்களோடு ஒத்துப்போகிறது. அங்கும் இங்கும் நிலையங்களுக்கு இடையில் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளிதான். அமெரிக்க செற் என்றால் 10, 10 ஆகத் தாண்டும். ஆகவே இந்தப் பழைய செற்றில் ஒரு மாற்றமும் செய்யாமல் மத்திய அலை கேட்கலாம். அதிலும் டீசல் வண்டியில் பெற்றோல் எஞ்சினின் பிளக் பொறி இல்லை, அந்தப் பொறியால் வருகிற கரகரப்பும் இல்லை. ஹைலக்ஸில் முன்னுக்கு நிற்கிற இழுத்து நீட்டும் அன்ரனா, இப்போது கார்களுக்கு வருகிற சுறாச் செட்டையைவிட மத்திய அலைக்கு எவ்வளவோ மேல்.

எங்கள் குடாநாட்டுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. மத்திய அலை நிலத்தின் மேலாகப் போவதைவிட உப்புக் கடலின் மேலாகப் போனால் பலம் குறையாமல் வெகுதூரம் போகும். பாக்குநீரிணை நடுவில் கிடப்பதால்தான் திருச்சி வானொலியின் 936 கிலோஹேர்ட்ஸ் ஒரு காலத்தில் எங்கள் வீடுகளுக்கு உள்ளூர் நிலையம் மாதிரி இருந்தது. தூத்துக்குடியின் 1053 உம் அப்படித்தான். பொழுது பட்டால் இன்னும் தூரத்து நிலையங்கள் வந்து சேரும். பகலில் இந்த அலைகளை விழுங்குகிற வளிமண்டலத்தின் மேலடுக்கு இரவில் கலைந்துவிடும், அதற்கும் மேலே உள்ள அடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்பும். இரவில் மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகிற சாரதிக்கு இதெல்லாம் காசில்லாமல் கிடைக்கிறது. டேற்றாவும் தேவையில்லை, சிக்னலும் தேவையில்லை.

என் வயதுக்காரருக்கு வானொலியின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல், பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றறியும் இல்லாமல் இருந்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் தளரும். எங்கே செல் விழுந்தது, எந்தப் பாதை பூட்டு, எங்கே இடம்பெயர்வது என்று அந்தப் பெட்டியைக் கேட்டுத்தான் ஊர் முடிவெடுத்தது. நான் வயறிங் பழகினதற்கும் அந்த டைனமோதான் காரணம். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 இல் நின்றுபோனது. அன்று எங்கள் வீட்டில் அதைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பழங்கதை என்று இளம்பிள்ளைகள் நினைக்கலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததைப் பழங்கதை என்று சொல்லமுடியாது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீதிகளும் பாலங்களும் உடைந்தன. பல மாவட்டங்களில் மின்சாரம் போனது, தொலைபேசித் தொடர்பும் போனது. கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால் அதன் பற்றறி சில மணித்தியாலம் தாங்கும், அவ்வளவுதான். வானொலிக்கு ஊருக்கு ஊர் கோபுரம் தேவையில்லை. எங்கோ தூரத்தில் ஒரு பரப்பி, ஜெனரேற்றரில் ஓடினால் போதும், பல மாவட்டங்கள் கேட்கலாம்.

இன்றைக்கு எங்கள் வீடுகளில் எத்தனை வீட்டில் றேடியோப் பெட்டி இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் மிஞ்சியிருக்கிற கடைசி வானொலி முற்றத்தில் நிற்கிற வண்டிக்குள் இருக்கிறதுதான். அதுவும் மின்சாரம் போனால் நிற்காத வானொலி. ஹைலக்ஸின் பற்றறி எழுபது அம்பியர்-மணி அளவு. சத்தத்தைக் குறைத்து வைத்தால் பழைய செற் அரை அம்பியர் அளவில் ஓடும். ஒரு பகலும் ஒரு இரவும் செய்தி கேட்டபின்னும் காலையில் எஞ்சின் ஸ்ராட் பண்ணும். அயலட்டை வந்து வண்டியைச் சுற்றி நின்று கேட்கலாம். இந்தப் பெட்டியைத்தான் நாங்கள் கழற்றி எறிகிறோம்.

அதற்குப் பதிலாகப் பூட்டப்படுகிற திரை செற்றுகளில் மலிவானவை பெரும்பாலும் பண்பலையோடு நிற்கின்றன. மத்திய அலை இருக்கிறவற்றிலும் அது பெயருக்குத்தான். உள்ளே இருக்கிற மின்சுற்றே இரைச்சலை உண்டாக்கி அந்த அலையை மூடிவிடும். திறப்பைத் திருப்பியதும் பாடாது, கொம்பியூற்றர் மாதிரி எழும்பி வரவேண்டும். நிலையத்தை மாற்ற விரலால் தேடித்தேடித் தொடவேண்டும், தொடுகிற நேரம் கண் வீதியில் இராது. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடுகிற வண்டி ஒரு வினாடிக்குப் பதினாறு, பதினேழு மீற்றர் போகும். மாங்குளம் பக்கம் ஏ-9 வீதியில் இரவில் மாடு படுத்திருப்பது இந்தப் பாதையில் ஓடுகிற எல்லாருக்கும் தெரியும். திருகுகிற குமிழ் இருந்தால் கை தானாகப் போய் மாற்றும், கண் வீதியில் நிற்கும். சாரதிமார் இதைச் சண்டை பிடித்தாவது கேட்டு வாங்கவேண்டும்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால் எதைப் போடுவது? 180 மில்லிமீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் உயரம் உள்ள சாதாரண ஒற்றை டின் செற். குமிழ் இருக்கவேண்டும். பண்பலை 108 வரையும் மத்திய அலை 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியிலும் எடுக்கவேண்டும். யூ.எஸ்.பி., புளூரூத் இருந்தால் பிள்ளைகளுக்கும் சந்தோசம். கடையிலேயே பெட்டியைத் திறந்து ஏ.எம். பொத்தானைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அதற்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள். செற் சரியில்லை என்று வருகிற வண்டிகளில் பல, ஸ்பீக்கரின் கடதாசி கிழிந்துபோனவை. இரண்டு ஸ்பீக்கர் மாற்றினால் பழைய செற்றே பாடும்.

பூட்டுகிற வேலையில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ரொயோட்டாக்காரன் செற்றின் பின்னால் இரண்டு பிளக் வைத்திருக்கிறான், ஒன்று பத்து ஊசி, மற்றது ஆறு ஊசி. அதற்குப் பொருந்துகிற மாற்றுப் பிளக் கடையில் கிடைக்கிறது. அதை வாங்காமல் கம்பனிப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, நிறத்துக்கு நிறம் முறுக்கி ரேப் சுற்றுகிறார்கள். நிறம் பொருந்துவதில்லை என்பது தெரியாமல் செய்கிற வேலை இது. கடையில் வாங்குகிற செற்றில் மஞ்சள் வயர் நேரே பற்றறிக்குப் போவது, சிவப்பு திறப்பைத் திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். இந்த ஹைலக்ஸ்களில் பற்றறி வயர் நீலத்தில் மஞ்சள் கோடு, திறப்பு வயர் சாம்பல், எர்த் மண்ணிறம். புது செற்றில் சாம்பல் என்றால் வலது முன் ஸ்பீக்கர். சாம்பலைச் சாம்பலோடு முறுக்கினால் பன்னிரண்டு வோல்ற் நேரே ஸ்பீக்கர் வழிக்குள் போகும். புது செற் அன்றைக்கே கருகும். ஒவ்வொரு வயரையும் மீற்றர் வைத்துப் பார்த்து, ஈயம் வைத்து ஒட்டி, சுருங்குகிற குழாய் போட்டு மூடவேண்டும். எங்கள் வெயிலுக்கு ரேப்பின் பசை உருகி வழிந்துவிடும்.

பருத்தித்துறைப் பக்கம் மீன் ஏற்றுகிற வண்டிகளில் இன்னொரு வில்லங்கம். உப்புத்தண்ணி ஊறி, டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் உள்ள எர்த் ஆணி கறள் பிடித்துவிடும். எர்த் கிடைக்காத செற் அன்ரனா வயரின் உறை வழியாக எர்த் தேடும். அப்போது அக்சிலேற்றரை அமத்த அமத்த ஸ்பீக்கரில் ஒரு கீச்சுச் சத்தம் ஏறும். செற்றைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள். ஆணியைச் சுரண்டி இறுக்கினால் போதும். கன்ரர் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று: உங்கள் வண்டி 24 வோல்ற் என்றால் கார் செற்றை நேரே பூட்டவேண்டாம். இடையில் வோல்ற்றைக் குறைக்கிற பெட்டி கட்டாயம்.

இதெல்லாம் என்னைப்போல் வயறிங் செய்கிறவர்கள் திருந்தினால் சரிவரும். திருந்தாதவை மேலே இருக்கின்றன. வாகன வானொலி செற் விற்கிற கடைகள், அது எந்த அலைவரிசைகளை எடுக்கும் என்பதைப் பெட்டியின் வெளியே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டவேண்டும். மத்திய அலை இல்லை என்றால் இல்லை என்று எழுதட்டும். அதைக் கட்டாயமாக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு பணிப்புரை போதும். யப்பான் வண்டி இறக்குகிற வியாபாரிகள், அதன் றேடியோ எங்கள் பண்பலையை முழுதாக எடுக்காது என்பதை விற்கமுன் சொல்லவேண்டும். இலங்கையில் வானொலி தொடங்கி 2025 டிசம்பரோடு நூறு வருடம் ஆகிவிட்டது. அந்த நூறு வருடத்தைக் கொண்டாடுகிற ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், வடக்கின் கடற்றொழிலாளருக்கும் தோட்டக்காரருக்கும் மாரிகாலத்தில் ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், அதே அலைவரிசையில், தமிழில், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை முழுதாக வாசிக்கட்டும். பாட்டுக்கு நடுவில் அரை நிமிடம் சொல்லிவிட்டுப் போவது காணாது. கடலுக்குப் போகிறவனுக்குக் காற்றின் வேகமும் வேண்டும், திசையும் வேண்டும், எத்தனை மணியிலிருந்து என்பதும் வேண்டும்.

இனி என் கடைக்கு வருகிறவர்களுக்கு. மாற்றுப் பிளக் வாங்கி வந்தால்தான் செற் பூட்டுவேன், கம்பனிப் பிளக்கில் கத்தி வைக்கமாட்டேன். கழற்றின பழைய செற்றைப் பிளக்கோடு உங்கள் கையில்தான் தருவேன். வீட்டில் ஒரு பழைய பற்றறியும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் அதை மேசையில் வைத்து ஓட்டலாம். பற்றறியின் எர்த் பக்கம் மண்ணிற வயர், மறுபக்கம் சாம்பலும் நீலமஞ்சளும் சேர்த்து, அந்தப் பக்கத்து வயரின் நடுவில் ஒரு ஃபியூஸ். ஜன்னல் வழியாக ஒரு வயரை முருங்கை மரத்துக்கு இழுத்துக் கட்டினால் அன்ரனா. எப்படிச் செய்வது என்று கேட்டால் சொல்லித் தருவேன், அதற்குக் காசு வேண்டாம்.